மூச்சு வாங்கியது எதனால்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேறு ஊர் என்றால் சர்க்கரையா, பிரஷரா, டாக்டரைப் பார்த்தாயா என்று ஆளாளுக்குத் துளைத்துவிடுவார்கள். எண்ணூரில் மாடிப்படியேறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிரில் வருகிறவர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலைப் புகைபோக்கி இருக்கும் திசையைப் பார்ப்பார். "இன்னிக்கு ஓவரா வுட்டுட்டானுங்கபோல கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். துணி காயப்போடுவதற்கு முன்னால் கொடியை ஈரத்துணியால் துடைப்பதும், இரவு கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைக் காலையில் மறுபடி கழுவுவதும் எங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. மூச்சு வாங்குவதும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

அதனால் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே சந்தேகம் வரவில்லை. இத்தனைக்கும் அவர் ஏற்கெனவே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரைக்கும் நேராக ஒரு தழும்பு. அப்படி ஒரு தழும்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு காற்றைக் குறை சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அவர் காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல், காய்ச்சலோடு போகாமல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகிச் சில வருடங்களில் அது முற்றி, நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுத்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டு மாட்டின் இதயச் சவ்வில் செய்த வால்வை வைத்தார்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுளுக்கும் ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிட வேண்டும். தினமும் இரும்பில் கையைக் கிழித்துக்கொள்கிற தொழிலுக்கு அது ஆகாது என்று அன்றைய டாக்டர் நினைத்தார். "இது பத்துப் பதினஞ்சு வருஷம் வரும். அப்புறம் தேய்ஞ்சிடும். வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்று என்னிடமும் அவரிடமும் சொல்லித்தான் அனுப்பினார்.

சில வருடங்கள் போய்க் காட்டினோம். பிறகு அவர் நின்றுவிட்டார். "நல்லா ஓடிக்கினுகீற இன்ஜினை எவனாச்சும் பிரிச்சிப் பாப்பானா?" என்று கேட்பார். அவருடைய தோஸ்துகள் அவரைக் கண்டால் மாடு மாதிரி கத்துவார்கள். அவரும் திரும்பக் கத்துவார். வால்வு எங்கள் வீட்டில் ஒரு தமாஷாகிப் போனது. வருஷங்கள் ஓடியதை நாங்கள் எண்ணவில்லை.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடை மேடையில் பில் போடுகிறேன். நாளெல்லாம் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. என் வாய்க்குப் பயப்படாத டிரைவர் அங்கே கிடையாது. எங்கள் குடியிருப்பிலும் எனக்கு நல்ல பெயர் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை. இவ்வளவு வாய் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று பின்னால் சொல்லப் போகிறேன். அப்போது இவள் சும்மா இருந்திருப்பாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஒரு தொழிற்சாலையை இன்னும் பெரிதாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு முன் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள், கலெக்டர் வருவார், மைக்கில் பேசலாம் என்றார்கள். உடனே ஒரு சங்கம் முளைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தலைவரானார். பிளாக்குக்கு ஒருவர் பேசினால் போதும், ஆளாளுக்குக் கத்தினால் ஒருவர் சொல்வதும் காதில் விழாது என்று அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் பிளாக்கில் இரண்டு பேர் பெயர் வந்தது. ஒன்று, கீழ் வீட்டுக்காரி. வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவள். அவளுக்கு இழுப்பு. விடிந்ததும் அவள் இருமுகிற இருமல்தான் எங்கள் மாடிக்கெல்லாம் அலாரம். பையில் எப்போதும் வாயில் அடிக்கிற மருந்து வைத்திருப்பாள். இன்னொன்று, என் வீட்டுக்காரர். அவர் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இழுப்பார். சங்கக் கூட்டத்தில் எழுந்து "இந்த காத்து..." என்று ஆரம்பித்து நின்று, மூச்சு விட்டு, "மன்சன் சுவாசிக்கிற காத்தா இது?" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கீழ் வீட்டுக்காரியே விட்டுக்கொடுத்துவிட்டாள். "எனக்கு மைக்கப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். அண்ணன் பேச வாணாம், சும்மா போய் நின்னாலே போதும். மூச்சே எல்லாத்தையும் சொல்லிடும்" என்றாள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். காசிமேட்டில் கிரீஸ் கையோடு திரிந்த மனிதருக்கு ஒரு பிளாக்கே தன் பின்னால் நிற்பது சின்ன விஷயமா? அன்றிலிருந்து தெருவில் அவரைப் பார்த்தால் வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கால் வீங்கியது. ஒரு காலை செருப்பு நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தலையணைக்கு மேல் தலையணை வைத்துத்தான் படுக்கிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "காத்து காலுக்குள்ள பூந்துக்கும்னு எவன்யா சொன்னான்?" என்று கேட்டு, எடை மேடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. "கட்டினவன் ஒயுங்கா கட்டிகீறான்" என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். ஆபரேஷன் செய்யும் டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாமல் பேசினார். பழைய வால்வு விறைத்துப் போய்விட்டது, சரியாகத் திறக்கவும் இல்லை, சரியாக மூடவும் இல்லை என்றார். ரத்தம் பின்பக்கம் தேங்கி நுரையீரலில் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். மூச்சு வாங்குவது அதனால்தானாம்.

"காத்தாலன்னு நெனச்சோம் சார்" என்றேன்.

"காத்தும் நல்லதில்லைம்மா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த ஸ்கேன்ல தெரியறது வால்வு."

மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்கும்போதே கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. முதல் ஆபரேஷன் முடிந்த மாதங்களில் தும்மல் வந்தால்கூடத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுத மனிதர் அவர். இன்னொரு முறை ரம்பம் என்றால் செத்தாலும் பரவாயில்லை என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். "ஒரு தடவை திறந்த நெஞ்சு ஆறும்போது, இதயம் எலும்போட பின்பக்கம் ஒட்டிக்கும். மறுபடி அதே இடத்துல அறுத்தா இதயமே கிழியற ஆபத்து இருக்கு. அதனால எலும்புப் பக்கமே போகப் போறதில்லை. வலது மார்புக்குக் கீழ, விலா எலும்புக்கு நடுவுல சின்னதா ஒரு வெட்டு. தொடையில இருக்கற ரத்தக் குழாய் வழியா, இதயத்துக்குப் பதிலா ரத்தத்தை ஓட்டற மெஷினோட இணைச்சுடுவோம். அந்தச் சின்ன வழியிலயே பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சுடலாம். இந்தத் தடவை உலோக வால்வு. மாத்திரை போட்டுத்தான் ஆகணும்."

என் வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்ஜின் ஹெட்டைக் கழட்டாம வால்வு மாத்துறேன்றீங்களே சார். எங்க லைன்ல இத்த சொன்னா செருப்பாலயே அடிப்பானுங்க" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க இன்ஜினைக் கழட்டி தரையில வெச்சுடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லையே" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "ஆனா நாள் கடத்தாதீங்க. வால்வை நான் எப்ப வேணா மாத்தலாம். நுரையீரல்ல ஏறின அழுத்தம் ரொம்ப நாள் அப்படியே இருந்துட்டா, அப்புறம் வால்வு மாத்தினாலும் இறங்காது. இதயத்தோட வலது பக்கம் தளர்ந்து போயிடும்."

எனக்கு இவ்வளவு நல்ல செய்தி வாழ்க்கையில் வந்ததில்லை. ரம்பம் இல்லை, எலும்பு இல்லை, சின்ன வெட்டு. வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. பஸ்ஸில் ராயபுரம் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்தான் சொன்னார்.

"யாராண்டயும் சொல்லாதமே."

"எத்த?"

"வால்வு கெட்ட மேட்டர. சொன்னா கம்பெனிக்காரனுங்க சிரிப்பானுங்க. காத்துன்னு பேச வந்த ஆளு ஹார்ட் பேஷண்டாம்னு சொல்லி மொத்த ஏரியாவையும் டபாய்ச்சிருவானுங்க. கூட்டம் முடியட்டும். அப்பால பண்ணிக்கிலாம்."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைப் படுத்திய விஷயம். எடை மேடையில் லாரியைச் சரக்கோடு ஒரு தடவை ஏற்றுவோம், காலியாக ஒரு தடவை ஏற்றுவோம். இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த மனிதரின் மூச்சுத் திணறலில் வால்வு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கழித்துச் சொல்ல ஒரு மேடை இல்லை. அந்தக் காற்றில் இத்தனை வருடம் இருந்த நுரையீரல் அது. இரண்டும் சேர்ந்துதான் அவரை அமுக்கியிருக்கும். ஆனால் கலெக்டர் முன்னால் இரண்டு காரணம் சொன்னால் எடுபடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"கீழ் வூட்டுக்காரியப் பேசச் சொல்லேன்யா. அவளுக்கு இல்லாத இழுப்பா?" என்றேன்.

"அவ மைக்க புடிச்சா அழுவா. அழுதா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நீ புடிச்சிக்கினு செத்தா கேப்பாங்களா?"

அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டைதான். சோறு வைக்கும்போது சண்டை, மாத்திரை கொடுக்கும்போது சண்டை. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்பார். அந்தக் கொஞ்ச நாளை நம்பித்தான் நானும் கத்திவிட்டு, கத்திவிட்டு ஓய்ந்தேன்.

மழை வந்ததால் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். சரி, மழை. புதுத் தேதி வந்தது. அதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்று மறுபடி தள்ளிப்போட்டார்கள். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. நீர் பிரிய மாத்திரை போட்டால் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். வேலைக்குப் போவது நின்றது. ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் டாக்டர் தேதி கொடுக்கத் தயாராக இருந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னார். டாக்டர் என் முகத்தைப் பார்ப்பார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தரையைப் பார்ப்பார்.

இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு நாள் சங்கத் தலைவர் வீட்டுக்கே போய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் கேட்பார் என்று மன்றாடினேன். நான் மன்றாடுகிற ஆள் இல்லை. அவர் முகம் வெளிறிப்போனது. முதலில் அவர் கேட்டது இதுதான்: "இது வேற யாருக்கும் தெரியுமாம்மா?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கெட்டவர் இல்லை, இப்போது வெளியூரில் படிக்கிற என் பிள்ளைக்குக் காலேஜ் சீட் வாங்க என்னோடு அலைந்தவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குக் கூட்டம் மட்டும்தான் தெரிந்தது. "எல்லாப் பேப்பரும் அவர் பேர்ல குடுத்தாச்சும்மா. அடுத்த மாசம் கண்டிப்பா நடந்துரும். நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன். முடிஞ்ச மறுநாளே அட்மிட் பண்ணிரலாம்" என்றார். நான் அவர் வாசலில் நின்று என்னென்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவே கதவைத் திறந்து பார்த்தது. எதற்காகத் திட்டுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் புருஷனைத் தெருவில் பொய்யனாக்கிய மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

கடைசியில் கூட்டம் நடந்தது, திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளை பெண் உட்காருகிற மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள். இன்னொரு பக்கம் தொழிற்சாலையால் வேலை வரும் என்று நம்பி வந்த கூட்டம். அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், பாதிப் பேர் முகம் தெரிந்த முகம். நடுவில் போலீஸ். இந்தக் கூட்டம் ஒரு முறைதான் நடக்கும், இங்கே பதிவானதுதான் மேலே போகும் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தார்கள்.

அவரை இரண்டு பேர் தாங்கி மைக்குக்குக் கூட்டிப்போனார்கள். "நான் எண்ணூர்லயே பொறந்து வளந்தவன்..." என்றார். மைக்கில் அவர் வார்த்தையை விட மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. "முன்னெல்லாம் இன்ஜினைத் தோள்ல தூக்கிக்கினு போவேன். இப்ப... ஒரு பக்கெட் தண்ணி தூக்க முடியல. எங்க வூட்டாண்ட பச்சக் கொழந்திக்குக் கூட இருமல். எங்களுக்கு... வேற ஒண்ணும் வாணாம் சார். மூச்சு வுட வுடுங்க."

கீழ் வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது கோபத்தில் வந்த அழுகை.

மேடையிலிருந்து, "சரிங்க, பதிவு பண்ணியாச்சு. அடுத்தவர் வாங்க" என்றார்கள்.

அவர் நகரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு மட்டும் தெரியும், கேள்விக்காக நிற்கிறார் என்று. நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்தானே, வால்வு கெட்டவர்தானே என்று கேட்பார்கள். கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படி மடக்க வேண்டும் என்று மாதக் கணக்கில் படுக்கையில் சாய்ந்து ஒத்திகை பார்த்திருந்தார். "அடுத்தவர் வாங்க, டைம் இல்லை" என்று மறுபடி சொன்னார்கள். தலைவர் வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

ஆட்டோவில் வரும்போது சொன்னார்: "ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலமே."

கேட்கவே போகாத ஒரு கேள்விக்குப் பயந்து அத்தனை மாதத்தைத் தின்றிருக்கிறோம். அன்றைக்கு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே எல்லாம். நெஞ்செலும்பை யாரும் தொடவில்லை. வலது மார்புக்குக் கீழே என் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கட்டு, தொடையில் ஒரு சின்ன கட்டு. ஐ.சி.யூவில் கண் விழித்ததும் குனிந்து தேடிப் பார்த்து, "இத்தனூண்டுதானா? ஒயுங்கா மாத்துனாங்களா, இல்ல சும்மா தெச்சி அனுப்பிட்டாங்களா?" என்று நர்ஸைக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். இருமினார், தும்மினார், தலையணையைத் தேடவில்லை. முதல் ஆபரேஷனில் எத்தனை வாரம் கட்டையாகக் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சுலபமான ஒன்றையா இத்தனை நாள் தள்ளினோம் என்று வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

வால்வு அழகாக வேலை செய்தது. நுரையீரலின் அழுத்தம்தான் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. டாக்டர் நல்லவர், முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தரையில நடக்கலாம். நல்லா சாப்பிடலாம், தூங்கலாம். படி ஏறும்போது நிதானமா ஏறணும். இன்ஜின் வேலை இனிமே வேண்டாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "வலது பக்கம் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கு. மருந்து கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் அம்மா சொல்வாள். முழுசாகக் கெடவில்லை, பாதிக் கண் மிச்சம் இருக்கிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் காசிமேட்டுக்கு இனிப் போக முடியாது என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. வேலை என்றால் அவருக்குச் சம்பளம் மட்டும் இல்லை. நின்றுபோன இன்ஜின் அவர் கையால் உறுமிக்கொண்டு கிளம்புவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அது போய்விட்டது.

தெருவில், அவர் புழல் ஏரிப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தோம். அது தலைவரின் யோசனை. காற்று மாறினால் நல்லது என்று போயிருக்கிறார் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றார். நான் கடுப்பில், என்னமோ சொல்லித் தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் திரும்பி வந்ததும்தான் அந்தப் பொய்க்கு இரண்டு கால் முளைத்தது. கால் வீக்கம் வடிந்து, நிறுத்தி நிறுத்திப் பேசாமல் ஒரே மூச்சில் பேசுகிற ஆளைக் கண்டு தெரு அசந்துபோனது. நெஞ்சில் இருப்பது பழைய தழும்புதானே, எல்லோருக்கும் தெரிந்தது. புது வெட்டோ விலாப் பக்கம் சட்டைக்குள் இருந்தது. "பாத்தியா, புழல் காத்துல கொஞ்ச நாள் இருந்ததுக்கே ஆளு எப்பிடி ஆயிட்டாரு!" என்று வியந்தார்கள். தலைவர் மாடியேறி வந்தார். இதையே பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். இங்கே இருந்தபோது எப்படி இருந்தீர்கள், அங்கே போனதும் எப்படி ஆனீர்கள், இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா என்றார். உண்மை தெரிந்த மனிதர் அதை மறந்தே போய்விட்ட மாதிரி பேசினார்.

தலைவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "இத்தினி நாளு வாய மூடிக்கினு இருந்தேன். அது வேற. இப்ப வாயத் தொறந்து பொய் சொல்லச் சொல்றாரு. என்னால ஆவாதுமே."

ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பிளாக்குக்கும் நடுவில் சங்கக் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பழக்கப்படி அவரை முன்னால் உட்கார வைத்தார்கள். தலைவர் பேச ஆரம்பிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"நான் புழலுக்குப் போவல. ஆஸ்பத்திரில கீந்தேன். நெஞ்சுல பழைய வால்வு கெட்டுப் பூட்டுச்சு. மாத்திக்கினு வந்துகீறேன்." சட்டையை விலாப் பக்கம் தூக்கிக் காட்டினார். சிவப்பு ஆறாத சின்ன வெட்டு. "மூச்சு வாங்குனது இதாலதான்னு டாக்டர் சொன்னாரு. கூட்டத்துக்கு மின்னாலயே எனக்குத் தெரியும். சொல்லல."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப காத்து மேல தப்பு ஒண்ணும் இல்லையா?" என்றார். "காத்தும்தான்யா. ரெண்டும்தான்" என்றார் இவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் அதை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கீழ் வீட்டுக்காரி எழுந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லணா. ஸ்கேன் எடுத்தாங்கோ, அல்லாம் எடுத்தாங்கோ. ஹார்ட்டு சோக்காகீதுன்னுட்டாங்கோ. அப்ப எனக்கு ஏன்ணா இப்பிடி இழுக்குது?"

கேள்வி வரும் வரும் என்று மாதக் கணக்கில் பதில்களை அடுக்கி வைத்திருந்தவரிடம் இதற்குப் பதில் இல்லை. காற்றைத் தவிர வேறு காரணமே இல்லாத ஒரு ஆள் எங்கள் பிளாக்கில் இருந்தாள். அவளை உட்கார வைத்துவிட்டு இவரை ஏற்றியிருக்கிறோம். அவள் இழுப்பு எந்தப் பதிவிலும் இல்லை. இனி ஏற்றவும் முடியாது.

"உன்னியத்தான் பேச வுட்டிருக்கணும்" என்றார் அவர்.

"இப்ப சொல்லி இன்னாண்ணா பண்றது" என்றாள் அவள். கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. அவள் இருமிக்கொண்டே நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப் போனாள்.